நம் ஊர் எந்தப் பக்கம்?

 

சென்ற இதழில் மழைநீர் சேகரிப்புக் குழியைப் பற்றி மூன்று பக்கம் எழுதி உங்கள் பொறுமையைச் சோதித்த அதே ஆள்தான் நான். இந்த முறை செயலாளர், “நம் ஊர் சரித்திரம் ஏதாவது கொடுங்கள் சார், ஆனால் துய்ப்ளே வேண்டாம், போன வருஷமே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள்” என்றார். கால்பந்து எழுதட்டுமா என்று கேட்டேன். “அது எப்படி நம் ஊர் சரித்திரம்?” என்றார். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் செய்தி. வருகிற பிப்ரவரி 14, சனிக்கிழமை, இந்தியன் சூப்பர் லீகின் புதிய பருவம் தொடங்குகிறது. ஜனவரி 6-ஆம் தேதி மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா இதை அறிவித்தார். 14 கிளப்புகளும் ஆடுகின்றன. மொத்தம் 91 ஆட்டங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளை ஒரே ஒரு முறைதான் சந்திக்கும். வழக்கமாக நம் ஊரில் ஒன்று, உங்கள் ஊரில் ஒன்று என்று இரண்டு முறை ஆடுவார்கள். இந்த முறை அதற்கு நாள் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் தொடங்கியிருக்க வேண்டிய பருவம் மாசி மாதத்தில் தொடங்குகிறது. தொடங்குகிறதே என்று சந்தோஷப்பட வேண்டிய நிலைமை. ஏன் அப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் நம் ஊருக்கு வருவோம்.

புதுச்சேரிக்கு இந்த லீகில் அணி கிடையாது. இதற்கு முன் நடந்த தேசிய லீகுகளிலும் இருந்ததில்லை. சந்தோஷ் கோப்பையில் ‘புதுச்சேரி’ என்ற பெயரில் ஓர் அணி போகிறது, வருகிறது. கிரிக்கெட்டில்கூட 2018-19 பருவத்தில் ரஞ்சிக் கோப்பைக்குள் நுழைந்துவிட்டோம். கால்பந்தில் நமக்கு ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் ஈ.சி.ஆர். பிடித்துச் சென்னை பெரியமேட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் இந்தியாவும் பிரான்சும் கால்பந்து ஆடிய நாட்களில், ‘நம் அணி எது’ என்ற கேள்வி நம் ஊரில் எழுந்த மாதிரி வேறு எந்த ஊரிலும் எழுந்திருக்க முடியாது.

1910-இல் ஸ்ரீ அரவிந்தர் இங்கே வந்து சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து வங்காளத்திலிருந்து சில இளைஞர்களும் வந்தார்கள். ஊர் பிரெஞ்சுக்காரர்களுடையது. ஆனால் பிரிட்டிஷ் உளவுக்காரர்கள் தெருவுக்குத் தெரு நின்றார்கள். தமிழ் தெரியாது, கையில் பணம் கிடையாது. உள்ளூர்ப் பையன்களோடு பழக இவர்களுக்குக் கிடைத்த வழிகளில் ஒன்று கால்பந்து. அந்தக் கூட்டத்தில் ஒருவரான நளினி காந்த குப்தா பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில் இதைச் சொல்லியிருக்கிறார். பந்து நடுவில் இருந்தால் மொழி அவ்வளவு தேவைப்படாது போலிருக்கிறது.

அடுத்த வருடம், 1911 ஜூலை 29-ஆம் தேதி, கல்கத்தாவில் மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்றது. பதினோரு பேரில் பத்துப் பேர் காலில் பூட்ஸ் இல்லை. வெள்ளைக்காரப் பட்டாளத்தை வெறுங்காலோடு ஜெயித்தார்கள் என்ற செய்தி வங்காளத்தையே உலுக்கியது. அந்தச் செய்தி நம் கடற்கரையை எட்டியபோது இங்கிருந்த அந்த இளைஞர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்திருந்தால் கத்திக் கொண்டாட யோசித்திருப்பார்கள். இங்கே பிரெஞ்சுக் கொடியின் கீழ் தாராளமாகக் கத்தலாம்! அதே மோகன் பகான்தான் 1889-இல் தொடங்கி இன்றுவரை இருக்கிறது. போன பருவத்தில் லீக் ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்து வாங்கியது அந்த அணிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1948. லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத இந்தியா முதல் முறையாகத் தன் கொடியோடு கால்பந்து ஆடப் போகிறது. ஜூலை 31-ஆம் தேதி, லண்டனுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்டில் முதல் ஆட்டம். எதிரணி யார் தெரியுமா? பிரான்ஸ்.

அந்த நாளில் நீங்களும் நானும் இப்போது குடியிருக்கும் இந்த மண் பிரான்சின் மண். இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகள். பாரதி தெருவில் ஒருவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், சட்டப்படி ‘நம்ம அணி’ என்று அவர் சொல்ல வேண்டியது பிரான்சை. மனப்படி யாரைச் சொல்லியிருப்பார் என்பது வீட்டுக்கு வீடு மாறியிருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், 1948 ஜூனில், பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்யட்டும் என்று இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. அதாவது ‘எந்தப் பக்கம்’ என்பதுதான் அப்போது ஊரின் ஒரே கேள்வி.

ஆட்டம் எப்படிப் போனது? இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். கேப்டன் நாகர் இனத்தைச் சேர்ந்த டாக்டர் தாலிமெரென் ஆவ். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் சாரங்கபாணி ராமன் பதில் கோல் போட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல் அது. இரண்டு பெனால்டி கிடைத்தன, இரண்டையும் விட்டார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. இரண்டு பெனால்டியில் ஒன்றாவது போயிருந்தால்... என்று எழுபத்தேழு வருடம் கழித்து வருத்தப்படுவதற்கும் ஆள் வேண்டுமே, அந்த வேலையை நான் செய்கிறேன்.

அடுத்த கட்டம் உங்களில் பலருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1954 அக்டோபர் 18, கீழூர். 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் காகிதத்தில் வரவில்லை. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் அங்கீகரிக்க 1962 ஆகிவிட்டது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் நாம் சட்டப்படியும் இந்தியா ஆனோம். அதனால்தான் நமக்கு மட்டும் இரண்டு விடுதலை நாள், இரண்டு விடுமுறை.

இந்த இடைவெளியில், 1960 ரோம் ஒலிம்பிக்ஸில், ஆகஸ்ட் 29-ஆம் தேதி க்ரோசெட்டோ என்ற ஊரில் இந்தியாவும் பிரான்சும் மறுபடி மோதின. இந்த முறை நம் ஊர் எந்தப் பக்கம்? தபால்பெட்டியும் போலீசும் இந்தியாவினுடையவை. சட்டப் புத்தகத்தில் மண் இன்னும் பிரான்சினுடையது. மைதானத்திலும் முடிவு அப்படித்தான் வந்தது. கேப்டன் பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டு இந்தியாவை முன்னால் கொண்டுபோனார். கடைசிப் பத்து நிமிடத்துக்குள் பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. 1-1. பாதி அங்கே, பாதி இங்கே இருந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்கோர் கிடையாது என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். அடுத்த ஆட்டத்தில் பெருவிடம் 3-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலைப் போட்டவர் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தர்ராஜ். அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குப் போனதே இல்லை. ஆக, ஒலிம்பிக்ஸில் இந்தியா போட்ட கடைசி கோல் ஒரு தமிழர் போட்டது. இன்றைக்கும் அந்தக் கணக்கு அங்கேயே நிற்கிறது.

1962 ஆகஸ்ட் 16-இல் காகிதமும் கைமாறியது. பத்தொன்பது நாள் கழித்து, செப்டம்பர் 4-ஆம் தேதி, ஜகார்த்தாவில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அப்போதே புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார், அடுத்த வருடம் இறந்துபோனார். சட்டப்படி இந்தியர்களான பின் புதுச்சேரிக்காரர்கள் ‘நாம் ஜெயித்தோம்’ என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த முதல் பெரிய கால்பந்து வெற்றி அது. இந்தியக் கால்பந்துக்கு அதற்குச் சமமான ஒன்று இன்னும் வரவில்லை. அந்த வெற்றியும் நாமும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தோம். அப்புறம் அது இறங்கியது, நாம் இருக்கிறோம்.

அதே நாட்களில் வீடுகளுக்குள் இன்னொரு தேர்வும் நடந்துகொண்டிருந்தது. இங்கேயே பிறந்து வசித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்றாகிப்போன வீடுகள் உண்டு. நம் குடியிருப்பிலேயே சொல்தா குடும்பங்கள் இருக்கின்றன. உலகக் கோப்பை வந்தால் எந்த பிளாக்கிலிருந்து எந்தச் சத்தம் வரும் என்று நம் வாட்ச்மேனுக்கே மனப்பாடம்.

சரி, லீகுக்கு வருவோம்.

இந்தியாவில் கால்பந்து பழையது, லீக் புதியது. டூராண்ட் கோப்பை 1888-இல் தொடங்கியது. ஊருக்கு ஊர் கோப்பைகள் இருந்தன, கல்கத்தா, சென்னை, கோவா என்று தனித்தனி லீகுகள் இருந்தன. எல்லா ஊர்க் கிளப்புகளும் பருவம் முழுக்க மோதிக்கொள்ளும் தேசிய லீக் 1996 டிசம்பரில்தான் வந்தது. வீரர்கள் வங்கியிலும் ரயில்வேயிலும் போலீசிலும் வேலை பார்த்துக்கொண்டே ஆடிய காலம். சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணி சில பருவங்கள் அந்த லீகில் ஆடியது. கவுண்டரில் நமக்கு டிராஃப்ட் எழுதிக் கொடுத்தவர் சாயங்காலம் சென்டர் ஃபார்வர்டாக இருப்பார். அந்த முதல் லீகின் சாம்பியன், பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜே.சி.டி. மில் அணி. 2011-இல் அந்த மில் அணியையே கலைத்துவிட்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னால் மும்பையின் மகிந்திரா யுனைட்டெட் கலைந்தது. இதற்கு நடுவில், 2007-இல், லீகின் பெயர் ஐ-லீக் என்று மாறியிருந்தது.

2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பதினைந்து வருடம், 700 கோடி ரூபாய். கால்பந்தின் வணிக உரிமைகள் அந்தப் பக்கம். அதிலிருந்து பிறந்ததுதான் 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக். எட்டு ஊர், எட்டு அணி, சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் நட்சத்திரங்கள், வெளிநாட்டிலிருந்து ஓய்வு பெறப்போகும் பெரிய ஆட்டக்காரர்கள்.

நம் ஊர் பிரெஞ்சு ரசிகர்களுக்கு அந்த முதல் வருடம் ஒரு விசித்திரமான விருந்து. பிரான்சின் பழைய உலக சாம்பியன்கள் ரொபேர் பிரெஸ் கோவாவுக்கும் தாவித் த்ரெஸகே புனேவுக்கும் வந்தார்கள், நிக்கோலா அனெல்கா மும்பைக்கு வந்தார். சென்னையின் எஃப்.சி. அணியில் மிக்காயேல் சில்வெஸ்த்ர், பெர்னார் மெந்தி. எல்லாம் சரி. ஆனால் அந்தச் சென்னை அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தவர் யார்? இத்தாலியின் மார்க்கோ மாத்தெராசி! 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதான் தலையால் முட்டினாரே, அவரேதான். அன்றைக்கு பெனால்டி ஷூட்-அவுட்டில் பந்தைக் கம்பத்தில் அடித்துப் பிரான்சைத் தோற்கடித்தது இதே த்ரெஸகே. மாத்தெராசிக்குக் கைதட்டுவதா கூடாதா என்று எங்கள் வீட்டில் என் மைத்துனர் ஒரு பருவம் முழுக்கத் தவித்தார். 2015-இல் அவர் கோப்பை வாங்கிக் கொடுத்த பிறகு சமாதானம் ஆகிவிட்டார்.

அந்த 2015 கோப்பையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அந்த டிசம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும், சென்னையே முழுகியது, நம் பக்கமும் கடலூர்ப் பக்கமும் பட்ட பாடு தெரியும். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ரசிகர்கள் இல்லாத ஊரில் ‘சொந்த மைதான’ ஆட்டம். கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். கடைசி நிமிடங்கள் வரை கோவா 2-1 என்று முன்னால் இருந்தது. அங்கிருந்து சென்னை 3-2 என்று ஜெயித்தது. கடைசி கோல் கொலம்பியாவின் மெண்டோசா போட்டது. வீட்டில் தண்ணீர் வடிந்து பத்துப் பதினைந்து நாள்கூட ஆகாத ஜனங்கள் அன்றைக்குச் சிரித்தார்கள். 2018 மார்ச்சில் பெங்களூரில் இரண்டாவது கோப்பை, அதுவும் 3-2.

இதோடு கோயம்புத்தூர்க் கதையையும் வையுங்கள். சென்னை சிட்டி எஃப்.சி. என்று இன்னொரு கிளப், கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடியது. 2019 மார்ச் 9-ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, கிழக்கு வங்காள அணியை ஒரே ஒரு புள்ளியில் பின்னுக்குத் தள்ளி, ஐ-லீக் சாம்பியன் ஆனது. பெரிய பெரிய கிளப்புகளைத் தாண்டி ஒரு தமிழ்நாட்டு அணி வாங்கிய பட்டம். சில வருடத்துக்குள் அந்தக் கிளப் தேசிய லீகிலிருந்தே மறைந்துவிட்டது. கோவையில் அன்றைக்குக் கத்திய பையன்கள் இப்போது யாருக்காகக் கத்துகிறார்கள்?

இப்போது முதலில் சொன்ன விஷயம். பதினைந்து வருட ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதி முடிகிறது என்பது 2010-லேயே எல்லோருக்கும் தெரியும். நம் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதி தெரிந்தும் கடைசி வாரத்தில் ஓடுகிறோமே, அதே கதை. பிறகு என்ன என்று முடிவாகாமல், லீகை நடத்தும் நிறுவனம் ஜூலையில் பருவத்தை நிறுத்தி வைத்தது. கூட்டமைப்பின் சட்டதிட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளையே நிறுத்தி வைத்தது. பந்து பொறுக்கிப் போடும் பையன், புல் வெட்டும் தொழிலாளி, பஸ் டிரைவர், இளநிலைப் பயிற்சியாளர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் நிறுத்தம். உரிமையை வாங்க டெண்டர் விட்டார்கள், நவம்பரில் பெட்டியைத் திறந்தால் ஒரு டெண்டர்கூட இல்லை. ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி, குர்ப்ரீத், ஜிங்கன் போன்றவர்கள் எங்களைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் வீடியோவில் கேட்கும் நிலை வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஜனவரி 6 அறிவிப்பு.

இந்தியாவில்தான் இப்படி என்று பெருமூச்சு விட வேண்டாம். சார்செலிலோ லா கூர்னெவிலோ இருக்கும் உங்கள் சித்தப்பாவிடம் போனில் கேட்டுப் பாருங்கள், அவர் இதைவிடப் பெரிய கதை சொல்வார். பிரான்சில் தொழில்முறை லீக் 1932-இல் இருபது கிளப்போடு தொடங்கியது. முதல் சாம்பியன் ஒலிம்பிக் லில்வா, அந்தப் பெயரில் இன்று கிளப் இல்லை, இன்னொன்றோடு சேர்ந்து லில் ஆகிவிட்டது. நம் ஜே.சி.டி. போலத்தான். 2020-இல் ஒளிபரப்பு உரிமையை வருடத்துக்கு 80 கோடி யூரோவுக்கு மேல் பேசி வாங்கிய மீடியாப்ரோ நிறுவனம், சில மாதத்திலேயே பணம் கட்டாமல் கைவிரித்தது. பின்னர் வந்த டாசோன் ஒரே பருவத்தில் கிளம்பிப் போனது. போன ஆகஸ்டில் லீகே தனக்கென்று ஒரு சானல் தொடங்கிவிட்டது. மே மாதம் ஐரோப்பிய சாம்பியன் ஆன பாரிஸ் அணி இருக்கும் லீகின் கதி இது. சூப்பர் லீக் தவித்த அதே கோடையில் அங்கேயும் தவிப்பு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. அங்கே சானல் போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் மைதானத்தில் ஊர்க் கிளப் ஆடும். லீக் என்பது அந்த மரத்தின் உச்சிக் கிளை. நம் நாட்டில் உச்சிக் கிளையை முதலில் நட்டுவிட்டு வேரைத் தேடுகிறோம். காகிதம் முடிந்தால் ஒரு வருடத்தில் எல்லாம் ஆடுகிறது. ஆனால் பிப்ரவரியில் ஆடப்போகும் 14 அணிகளைப் பாருங்கள். 1889-இன் மோகன் பகான், 1891-இன் முகமதன், 1920-இன் கிழக்கு வங்காளம் மூன்றும் இருக்கின்றன. எத்தனை லீக், எத்தனை ஒப்பந்தம் வந்து போயின! இவற்றுக்கு முதலாளிகளும் மாறியிருக்கிறார்கள், பெயருக்கு முன்னும் பின்னும் ஏதேதோ ஒட்டியிருக்கின்றன. ஆனாலும் பேட்டைப் பையன்கள் ஆடிய ஆட்டம் நூறு வருடம் நின்றிருக்கிறது. என் கருத்து இது, மறுப்பவர்கள் அடுத்த இதழில் எழுதலாம், இடம் இருக்கிறது.

இனி நம் வீட்டு விஷயம். கார்த்திகை மாதம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் பையன்கள் அடித்த பந்து ஒரு காரின் பக்கக் கண்ணாடியை உடைத்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒரே இரவில் நூற்றுக்கு மேல் செய்திகள். மூன்றாம் நாள் ‘வளாகத்தில் பந்து விளையாட அனுமதி இல்லை – நிர்வாகக் குழு’ என்று பலகை மாட்டினோம். ‘மாட்டினோம்’ என்றுதான் எழுத வேண்டும், அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. கார் உரிமையாளரின் கோபத்தில் நியாயம் இருந்தது, கண்ணாடி மலிவான பொருள் இல்லை. ஆனால் அதன் பிறகு சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கீழே இறங்கினால், சி பிளாக் படிக்கட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பெண் பிள்ளைகள் நம் எல்லோரையும்விட நன்றாகப் பந்தடிப்பார்கள், நான் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். உப்பளத்தில் இந்திரா காந்தி ஸ்டேடியம் இருக்கிறது, லாஸ்பேட்டையில் ஹெலிபேட் மைதானம் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை தனியாகப் போய் வரக்கூடிய தூரமா? நம் சாலையைக் கடக்க நமக்கே பயமாக இருக்கிறது.

பின்புறம் ஜெனரேட்டர் அறைக்கும் மதில் சுவருக்கும் நடுவில் காலி இடம் இருக்கிறது. பழைய டைல்ஸும் மூன்று கட்டிலும் யாருடையது என்று தெரியாத ஒரு வாஷிங் மெஷினும் கிடக்கும் இடம். அளந்து பார்த்தேன், 18 மீட்டருக்கு 11 மீட்டர். ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆடப் போதும். வலை கட்ட ஒரு விலைப்புள்ளி வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு வீட்டுக்குப் பிரித்தால் ஒரு மாதப் பராமரிப்புத் தொகையில் கால் பங்குகூட வராது. தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை, பரீட்சை நாட்களில் ஐந்திலிருந்து ஆறு வரை. பக்கத்தில் இருக்கும் தரைத்தள வீட்டுக்காரர்களிடம் பேசிவிட்டேன். ஒருவர் சம்மதம், ஒருவர் ‘சத்தம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றார். அவர் சொல்வதும் சரிதான், ஒரு மாதம் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்ப்போம் என்று அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. இது ஆறாவது பொருள், தண்ணீர் லாரிக் கணக்குக்கு அடுத்து. வழக்கமாக ஐந்தாவது பொருளிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறீர்கள், இந்த முறை கொஞ்சம் உட்காருங்கள். 84 வீடு, வீட்டுக்கு ஒரு வாக்கு, கையைத் தூக்கினால் போதும். கீழூரில் எட்டுப் பேர் மறுத்த மாதிரி நீங்களும் தாராளமாக மறுக்கலாம், அதையும் குறிப்பேட்டில் எழுதிவைப்போம்.

முடிவு எதுவானாலும் 14-ஆம் தேதி மாலை மொட்டை மாடியில் திரை கட்டுகிறோம். புரொஜெக்டர் ஏ பிளாக்கிலிருந்து வருகிறது, சுண்டலுக்கு நான் பொறுப்பு. முதல் ஆட்டம் கொல்கத்தாவில், மோகன் பகானும் கேரளா பிளாஸ்டர்ஸும். நாற்காலி குறைவு, பாய் கொண்டு வாருங்கள். கார் கண்ணாடி உடைந்தவரையும் நேரில் போய் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார், மஞ்சள் சட்டையில்.